கிண்ணத்தின் அடியில்

“இது வெள்ளி இல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ, அண்ணை.”

லெஸ்லி சிரித்துவிட்டார். லண்டனின் ஸ்ட்ரெதமில் இருக்கும் அவருடைய கடைக்குப் பழைய சாமான் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் அது வெள்ளியாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். மெலனி நீட்டிய சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் குத்தியிருந்த முத்திரைகளை லென்ஸால் பார்த்தார்.

“நடக்கிற சிங்கம் இருக்கு. அசல் வெள்ளி, தங்கச்சி. சிறுத்தைத் தலையும் இருக்கு. அப்ப லண்டனில சோதிச்சுக் குத்தினது.”

மெலனியின் முகம் வாடியது.

“அப்ப திருப்பிக் குடுக்கத்தான் வேணும். நான் வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கிற டொறீன் தந்தவ. விலையான பரிசு வாங்கினால் ஏஜென்சியில வேலை போயிடும். வெறும் முலாம் எண்டு அவ சொன்னபடியால்தான் வாங்கினனான். பாரமாக் கிடந்ததால சந்தேகம் வந்திட்டுது.”

“வயசான மனுசி தெரியாமல் சொல்லியிருப்பா.”

“ஓம், தொண்ணூறு வயசு. கண்ணும் வடிவாத் தெரியாது. அடிப்பக்கத்தை விரலால தடவிப் பாத்திட்டுத்தான் தந்தவ.”

லெஸ்லி லென்ஸைக் கடைசி முத்திரைக்கு நகர்த்தினார். செய்தவரின் பெயரின் முதலெழுத்துகள்: டி. என்.

“அவவின்ர முழுப்பேர் என்ன?”

“டொறீன் நொரிஸ்.”

“முந்தி என்ன வேலை செய்தவ?”

“ஏதோ பட்டறை வச்சிருந்தவவாம்.”

லெஸ்லி லென்ஸை மெலனியிடம் நீட்டினார்.

“தெரியாமல் சொல்லேல்லை, தங்கச்சி. இதைச் செய்ததே அவதான்.”