ஐந்தாம் அத்தியாயம்

ஒரு கல்லூரி நூலகத்தின் கண்ணாடி அலமாரியில், பழைய ஏரிகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. அதற்கு வேறு பிரதி எங்கும் கிடையாது. எதிரே ஒரு ஜெராக்ஸ் மெஷின் நின்றது.

ஒருநாள் ஆராய்ச்சி மாணவி ஜெபராணி வந்து, ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டாள். ஒருவருக்கு ஓர் அத்தியாயம் என்பது அங்கே விதி.

புத்தகம் கொதித்துப்போனது. “டேய் திருட்டுப் பயலே! என்னை எழுதியவர் பட்ட பாடு உனக்குத் தெரியுமாடா?”

“எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெண் நகலின் தலையில் முதலில் எழுதியது அவர் பெயரைத்தான்” என்றது மெஷின்.

புத்தகம் சமாதானமாகவில்லை. அதற்குப் பிறகு யார் வந்து இழுத்தாலும், பக்கத்துப் புத்தகங்களோடு இறுக ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வந்தவர்கள் அலுத்துப்போய்த் திரும்பினார்கள். பிறகு அந்த அலமாரியை யாரும் திறக்கவேயில்லை.

மழைக்காலம் முடிந்து நூலகர் திறந்தபோது, கரையான் புகுந்திருந்தது. புத்தகத்தில் அட்டை மட்டும்தான் மிச்சம். விஷயம் கேள்விப்பட்ட ஜெபராணி, தன்னிடமிருந்த நகலைக் கொண்டுவந்து கொடுத்தாள். நூலகர் அதை அந்த அட்டைக்குள் வைத்துத் தைத்தார்.

மெலிந்துபோன புத்தகம் அன்று சாயங்காலம் மெதுவாகக் கூப்பிட்டது.

“அண்ணே, மற்ற அத்தியாயங்களை யாராவது கேட்டு வந்தார்களா?”

“ஏழாவது வேண்டுமென்று ஒருவர் வெகுதூரத்திலிருந்து வந்தார்” என்றது மெஷின். “அவர் எவ்வளவோ இழுத்துப் பார்த்தார். நீ அசையவேயில்லை.”