கசந்த சட்னி

கல்லீரலைக் காவல் காக்கும் மரபணு அணைந்துபோனால், அதை எது அணைத்தது என்று மருத்துவமனைத் திரையே சொல்லிவிடும். புருஷன் இசக்கிராஜுக்குக் கல்லீரலில் புற்று என்றதும், மேகலா தன் அண்ணனை வரவழைத்து அறைக்கு வெளியே உட்காரவைத்தாள்.

"திருட்டுத்தனமாக் குடிச்சதெல்லாம் இன்னைக்குத் தெரிஞ்சிரும்," என்று அவரிடம் சொல்லிவிட்டுப் புருஷனோடு உள்ளே போனாள்.

"மதுவின் தடயம் இல்லை," என்றது திரை. "காரணம், பூசணம் பிடித்த நிலக்கடலை. பல வருடங்களாக."

வீணாக்க மனமில்லாமல், பூசணத்தைத் துடைத்து வறுத்து, அவருக்கென்று மேகலா தினமும் அரைத்த சட்னி. கசக்கிறது என்று ஒருநாள் சொன்னவரிடம், "குடிகாரன் நாக்குக்கு எல்லாம் கசக்கத்தான் செய்யும்" என்றிருந்தாள்.

இசக்கிராஜ் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"குடியாலதான்னே சொல்லிரு. உன்னைய யாரும் ஏச வேண்டாம்."

வெளியே அண்ணன் எழுந்து வந்தார். "என்னம்மா, நீ சொன்னதுதானே?"

ஆமாம் என்று மேகலா தலையாட்டினாள்.