வாசலில் நிற்கும் வண்டி

அமெரிக்காவின் டேட்டன் நகரில் விற்பதற்கென்று நான் வைத்திருக்கும் காலி வீட்டின் அடுக்களை மேடையில் கைபேசி கிடக்கிறது. இத்தனை நாள் வேறு வீட்டில் வாடகைக்கு இருந்துவிட்டு இப்போது இதை வாங்கப்போகும் வெண்டலுக்கு வீட்டுக்கடன் கிடைக்கும் என்று போன வாரம் சொன்ன வங்கிக்காரி மார்சி, ஸ்பீக்கரில் கேட்கிறாள்: “நடுவுல தவணைக்குப் புதுசா எதுவும் வாங்கிடலையே? வாங்கியிருந்தா கடன் கெடைக்காது.” நான் குழாயைத் திறக்கிறேன், மூடுகிறேன், மறுபடி திறக்கிறேன். ஜன்னலுக்குத் திரை அளந்துகொண்டிருந்த அவன் மனைவி கோரினின் கையில் அளவுநாடா சரக்கென்று சுருண்டுகொள்கிறது. வெளியே பனி வெளிச்சத்தில், புது வண்டிக்குத் தரும் தற்காலிகக் காகித நம்பர் பிளேட்டோடு சிவப்பு பிக்கப் வண்டி பளபளக்கிறது. “சொல்லேன், பெரிய மனுஷா. இப்ப ஏன் வாயடைச்சுப் போய் நிக்கிறே?” என்கிறாள் கோரின், வெண்டலைப் பார்த்து. “ஹலோ, லைன்ல இருக்கீங்களா?” என்கிறாள் மார்சி. வெண்டல் வண்டிச் சாவியைக் கைக்குள் இறுக்கி மறைத்துக்கொண்டு கைபேசிப் பக்கம் குனிகிறான். “இந்த வீட்டு வாசல்ல நிறுத்தத்தானே மேடம் வாங்கினேன்.”