வேகம் பூஜ்யம்

“கோளாறு வண்டியிலயா, ஓட்டறவன்கிட்டயா? அதை மட்டும் சொல்லு லாசர்.”

மஞ்சள் மண்டி வெங்கடாசலம் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. டிரைவர் பூபதி ஒர்க்‌ஷாப் தூணோரம் நின்றான்.

இரண்டு நாளாக அந்த டீசல் காரில் இன்ஜின் விளக்கு அணையவில்லை. ஸ்கேனரில் வந்த எரர் கோடு ஒரு வால்வைக் காட்டியது. மெக்கானிக் லாசர் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியிருந்தார்.

“வால்வு பூராவும் கரிங்ணா. அடைச்சுப் போச்சு.”

“போன வருசம் வாங்கின வண்டி. அதுக்குள்ளயா?”

“ரோட்டுல ஓடுனா இவ்வளவு கரி புடிக்காதுங்க. விளக்கு எரிஞ்ச நேரத்துல வண்டி எப்பிடி இருந்துதுன்னு அதுவே பதிஞ்சு வெச்சிருக்குது, பாருங்க. இன்ஜின் ரொம்ப நேரமா ஓடிட்டிருக்குது. வேகம் பூஜ்யம். தெனமும் நின்ன எடத்துலயே ஓட விட்டாத்தான் இப்பிடி ஆகும்.”

சொன்ன பிறகுதான் லாசர் பூபதியின் முகத்தைப் பார்த்தார். சொல்லியிருக்க வேண்டாமோ என்றிருந்தது.

“ஓகோ!” வெங்கடாசலம் திரும்பினார். “காலையில என்னைய மண்டியில எறக்கிட்டு, வண்டியை ஊட்டுல கொண்டுபோய் நிறுத்தற. சாயந்திரம் வரைக்கும் ஏசியப் போட்டுத் தூக்கமா?”

பூபதி கையிலிருந்த சாவியைப் பார்த்தான்.

“பகல்ல எவனுக்கு ஏசின்னு ஊட்டு ரிமோட்டையே பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு வாரவன் நான். எங்கப்பாரு பனை விசிறியில காலந்தள்ளுனவரு. தொரைக்குச் சித்திரை வெயிலு சுடுதாக்கும்!”

“தப்புத்தானுங்க மொதலாளி.”

“தூங்குனியா, இல்லையா?”

“இன்ஜினைப் போட்டது நாந்தானுங்க.”

“அப்பச் சாவியை வெச்சுட்டுப் போ. நாளையிலிருந்து வர வேண்டாம்.”

“மொதலாளி... அடுத்த மாசம் பள்ளிக்கூடம் தொறக்குதுங்க. ரெண்டு புள்ளைங்க...”

“தூங்கறப்ப அந்த நெனப்பு வந்திருக்கோணும்.”

லாசருக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்ணா, என்ன காரணம்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமுங்களே?”

“அதான் உம்பட மெசினே சொல்லிருச்சே!”

பூபதி சாவியை நீட்டினான். லாசர் வாங்கி, ஸ்கேனரில் அந்த எரரை அழித்துவிட்டு, வண்டியைக் கிளப்பிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை.

அப்போது கார் ஸ்பீக்கரில் மணி அடித்தது. பூபதியின் போன் இன்னும் வண்டியோடு இணைப்பில் இருந்தது.

பூபதி பதறி ஓடி வந்தான். “எடுக்க வேண்டாமுங்க மொதலாளி!”

“ஏன்? எந்தக் கூட்டாளி கூப்புடறான்னு எல்லாருந்தான் கேக்கட்டுமே.”

வெங்கடாசலம் உள்ளே கையை விட்டுத் திரையில் பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

மூச்சிரைப்போடு ஒரு முதியவரின் குரல் வந்தது. வெங்கடாசலத்தின் கை பொத்தானிலேயே நின்றுவிட்டது.

“பூபதி, வண்டி ரெடியாச்சா சாமி? ஊட்டுக்குள்ள வேக்காடு தாங்கல. சித்த நேரம் வண்டியில உக்காந்தாத்தான் மூச்சு வருது. எம்பட பையங்கிட்ட மட்டும் சொல்லிப்போடாத. ரிமோட்டைப் பூட்டுனதை நெனச்சு அவன் சங்கடப்படுவான்.”