இலக்கம் 117

இராசரத்தினம் மேசையில் ஓங்கி அறைந்தார். பிளேன்டீக் கோப்பை ஒரு முழம் மேலே எழும்பி, நல்ல காலமாக, கவிழாமல் வந்து இறங்கியது.

"அம்மாவைப் பக்கத்தில வைச்சுக்கொண்டுதான் கேக்கிறன் பிள்ளை. இந்த அட்டகாசத்துக்கு என்ன பதில்?"

ஜீன்ஸ் போட்ட பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. பக்கத்துக் கதிரையில் தாய்க்கு, படி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார்.

வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருக்கிற தனியார் கல்லூரி அது. ஏ.எல். பரீட்சை எந்த வருஷம் எடுத்திருந்தாலும் சேரலாம் என்று, காலி வீதியில் பஸ்ஸே மறைகிற அளவுக்குப் பதாகை கட்டி ஆள் பிடிப்பார்கள். பிடித்த ஆட்களை அடக்கி வைப்பது ஒழுக்காற்று அதிகாரி இராசரத்தினத்தின் பொறுப்பு.

முப்பது வருஷச் சேவையில் பதினேழு புரட்சிகளை அவர் கவிழ்த்திருக்கிறார். பொலிசும் இல்லை, பொல்லும் இல்லை. 'கார்டியனைக் கூட்டிக்கொண்டு வா' என்ற ஒரே வசனம்தான். அரசாங்கத்தையே மாற்றுவேன் என்று மேசைமேல் ஏறி நின்ற பெடியன்கள் எல்லாம் தாயைக் கண்டதும் வெயிலில் போட்ட கீரையாகச் சுருண்டிருக்கிறார்கள்.

இன்னொரு கொள்கையும் அவருக்கு உண்டு. பேர் பார்க்க மாட்டார். பேரைப் பார்த்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் எங்கேயாவது ஒரு சொந்தம் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே அவருடைய கோப்பில் எல்லாரும் வெறும் இலக்கம். இன்றைய வழக்கு 117.

உள்ளே வந்ததுமே தாய், "நான் நாகேஸ்வரி, இவ உஷாந்தி..." என்று தொடங்கினார்தான். பேர் தேவையில்லை, தான் கேட்கும்வரை ஒருத்தரும் வாய் திறக்க வேண்டாம் என்று இராசரத்தினம் கையை உயர்த்திவிட்டார்.

காவலுக்கு நிற்கிற பேர்ணடெற் தன் விருப்பப்படியே பேரில்லாமல் எழுதித் தந்த அறிக்கையை இராசரத்தினம் இப்போது ராகம் போட்டு வாசித்தார். லைப்ரரி ஐந்தாம் மாடியில். லிஃப்ட் விரிவுரையாளர்களுக்கு மட்டும். அதன் திறப்பு அலுவலகச் சாவிக் கொத்தில். மாணவர் சங்கத் தலைவர் பதவிக்குப் போட்டியிடும் 117, திங்கட்கிழமை காலை ஒரு விரிவுரையாளருக்குப் பின்னால் லிஃப்டுக்குள் புகுந்து, மடக்குக் கதிரையை விரித்து இருந்துவிட்டார். பின்னேரம் நாலு மணிவரை எழும்பவில்லை. மேலும் கீழுமாக இருநூறு தரம் போய் வந்திருக்கிறார். கதவு திறக்கிற ஒவ்வொரு மாடியிலும் ஒரு கூட்டம் நின்று கை தட்டியிருக்கிறது.

அடுத்த நாளே சுவரெல்லாம் மூன்று மொழியில் போஸ்டர்: 'லிஃப்ட் திறப்பு எல்லாருக்கும்.'

வாசித்து முடித்து, ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். "மன்னிப்புக் கடிதம். கையெழுத்து வைச்சிட்டு எலக்‌ஷனில இருந்து விலகினா நான் எல்லாத்தையும் மறந்திடுவன். இல்லாட்டி ஆறு மாசத்துக்கு இந்த வாசலை மிதிக்க ஏலாது. வாற மாசச் சோதினையும் இல்லை."

பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தது. "சேர், எனக்கு ரெண்டு மணிக்கு மீட்டிங் ஒண்டு இருக்கு. கொஞ்சம் கெதியா..."

அவருக்கு உச்சியில் பற்றிக்கொண்டது. தன் கண் முன்னாலேயே அடுத்த கூட்டத்துக்கு நேரம் பார்க்கிறாளே என்று தாயிடம் திரும்பினார்.

"நீங்களாவது புத்தி சொல்லுங்கோ அம்மா. இந்த வயசில நாலு படி ஏறினாக் கால் தேய்ஞ்சே போகும்?"

"தேயும் சேர்," என்றார் தாய். "நாலு படி இல்லை, அஞ்சு மாடி. கல்லூரியில சேர்க்கேக்கை காலைப் பாத்தே சேர்த்தனீங்கள்?"

இராசரத்தினம் திடுக்கிட்டுப் போனார். இந்தக் கதிரையில் இருந்த எந்தத் தாயும் இப்படிக் கதைத்ததில்லை. முன்பு பம்பலப்பிட்டியிலிருந்து வந்த ஒரு தாய் இதே அறையில் மகனுக்குச் செருப்பைக் கழற்றிய கதையை அவர் எடுத்து விட்டார். எதிரே இருந்த தாய் ரசித்துக் கேட்டுவிட்டு, எந்தக் கால் செருப்பு என்று விசாரித்தார்.

வெளியே படிக்கட்டில் சத்தம் கிளம்பியது. எட்டிப் பார்த்தால், கீழிருந்து ஐந்தாம் மாடிவரை ஒரு படி மிச்சமில்லாமல் மாணவர்கள் குந்தியிருக்கிறார்கள். 'நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினேழு' என்று அவர்கள் போட்ட கோஷத்தில் கடற்கரை ரயிலின் இரைச்சலே கேட்கவில்லை.

இனிப் பொறுக்க முடியாது. பேனையைப் பிள்ளையின் பக்கம் தள்ளினார். "வை கையெழுத்தை. இல்லாட்டிப் பேரை இப்பவே வெட்டுறன்."

பிள்ளை தாயை ஒருமுறை பார்த்தது. பெருமூச்சு விட்டுப் பேனையை எடுத்தது. இராசரத்தினத்தின் மீசை துள்ளியது. பதினெட்டாவது புரட்சியும் முடிந்தது.

அப்போது தாய் எழும்பினார். ஒரு கையால் முழங்காலைப் பிடித்தபடிதான், ஆனால் நல்ல நிமிர்வாக. மன்னிப்புக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்து, பிளேன்டீக் கோப்பைக்குள் போட்டார்.

"பிள்ளையை வெருட்டாதேங்கோ சேர். கூட்டிக்கொண்டு வரச் சொன்னீங்கள், கூட்டி வந்தனான். அவ என்ர கார்டியன்."