இரண்டாவது கார்

அதிவேகக் கார்கள் இரண்டை ஓட்டிப் பார்த்து எது சிறந்தது என்று வீடியோவில் சொல்வது சேந்தனின் வேலை. தினமும் ஆபீஸ் போய்வர மஞ்சள் கார்தான் வசதி என்று காலையிலேயே சொல்லிவிட்டான். மதியம் கருப்புக் காரைப் புறவழிச்சாலையில் நூற்றறுபதில் விரட்டினான். திருப்பத்தில் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். அவள் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது. பயத்தில் அவள் விழ, கூடையிலிருந்த தக்காளியெல்லாம் உருண்டோடியது.

சேந்தன் இறங்கி ஓடிப்போய்ப் பொறுக்கினான்.

"விடுங்க சார். நான்தான் பாத்து வந்திருக்கணும்" என்று எழுந்து கைகூப்பினாள். அவனால் நிமிர முடியவில்லை.

காருக்குள்ளிருந்து கேமராமேன் ராபின் கத்தினான். "ரெக்கார்டு ஓடுதுண்ணே. பிரேக்குக்கு எத்தனை மார்க்?"

"பத்துக்கு ஒன்பது" என்றது சேந்தனின் வாய். அவள் கூப்பிய கையை இன்னும் இறக்கவில்லை.