இரண்டு இருமல்

இந்தப் பிரபஞ்சமே ஒரு சைன் அலை. எழுந்தது விழும், விழுந்தது எழும், கணிதம் மட்டும் பொய் சொல்லாது.

இதைச் சொன்ன சௌந்தரபாண்டியன் சார், சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் பிளஸ் ஒன் டியூஷன் நடத்துகிறார். வாசல் ஃபிளெக்ஸில் அவர் பெயருக்கு முன்னால் ‘கணிதப் பேரரசர்’ என்று இருக்கும். பட்டத்தை வழங்கியவரும் ஃபிளெக்ஸ் கடையில் எழுதிக் கொடுத்தவரும் அவரே.

முக்கோணவியல் தேர்வின் கடைசிக் கணக்கை இரண்டே பேர் எழுதியிருந்தார்கள். ஜெய்னப் முதல் பெஞ்ச். பெனிட்டா கடைசி பெஞ்ச். இரண்டு தாளிலும் ஒரே வரி: ‘2 மீட்டர்.’ ஸ்டெப் கிடையாது.

சாருடைய விடை அரைப் பக்க ஸ்டெப்போடு வேறு எண்ணில் முடிந்திருந்தது.

சரியான விடை இரண்டு பேருக்கு வரலாம். ஒரே தப்பு இரண்டு பேருக்கு வந்தால் அது காப்பி.

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. தேர்வு நடக்கும்போது பெனிட்டா இருமினாள். இரண்டு முறை. ஜெய்னப் தலைத்துணியைச் சரிசெய்தாள். எத்தனை விரலால்?

“ரெண்டு பேருக்கும் ஒரே விடை எப்படிட்டி வந்துச்சு?”

“கணக்கு ஒண்ணுதான சார்” என்றாள் ஜெய்னப்.

திமிரையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

இருவரையும் டியூஷனிலிருந்து நீக்குவதாக, பெற்றோர் வாட்ஸப் குழுவுக்குப் பெயரோடு செய்தி தயாரானது. அனுப்புவதுதான் பாக்கி. அதற்குள் ஜெய்னப்பின் உம்மா மெஹர்பானு, மகள் சொன்னதைக் கேட்டு, தையல் மெஷினை விட்டு எழுந்தபடியே, கழுத்தில் இஞ்ச் டேப்போடு மாடியேறி வந்துவிட்டார்.

“அப்படி என்ன கணக்குன்னு வாசிங்க சார், கேப்போம்.”

பேரரசர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். தபசுத் திருவிழா ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்ற அறுபது விநாடி. மையம் தரையிலிருந்து பத்து மீட்டர், ஆரம் எட்டு மீட்டர். ஒருவர் அடியில், இரண்டு மீட்டர் உயரத்தில் ஏறுகிறார். அறுபதாவது விநாடியில் எவ்வளவு உயரத்தில் இருப்பார்?

“ஒரு சுத்து முடிஞ்சா ஏறுன எடத்துக்குத்தான சார் வரும்? தபசுக்கு நாங்களும் ஏறி எறங்கியிருக்கோம்லா.”

சார் கால்குலேட்டரில் காஸ் 360 தட்டினார். அதே பழைய எண். மறுபடி தட்டினார். மூன்றாவது முறைதான் திரையின் மேல் மூலையைப் பார்த்தார். கோண அளவு டிகிரியில் இருக்க வேண்டியது ரேடியனில் இருந்தது.

வாட்ஸப் செய்தியை அழித்தார். ஸ்டெப் போடாததற்கு ஆளுக்கு ஒரு மார்க் குறைத்தார்.

சாருடைய அரைப் பக்க விடைப்படி, ராட்டினம் முழுச் சுற்று முடித்த பிறகும் அந்த ஆள் பன்னிரண்டேகால் மீட்டர் உயரத்தில் இருந்தார்.